உரையாடற் பெட்டியும் சர்வரின் சுமையும்

தமிழ் பயிலும் மாணாக்கராகிய எமக்குச் சர்வரைப் பற்றி எழுதுதற்கு உரிமை யாது என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். வினா நேரியதே. ஆயினும், ஒரு கருவியைச் செய்வோர் சிலர். அதனாற் பயன் பெறுவோரும் இடர்ப்படுவோரும் பலர். அப்பலருள் எம் தோழர் ஒருவரின் குடும்பமும் அடங்கியமையால், யாம் கேட்டதும் பின்னர்க் கற்றதும் கொண்டு எம் கருத்தை ஈண்டு உரைக்கத் துணிந்தேம். பிழை காணப்படின், கணினியியல் பயிலும் தோழர்கள் பொறுத்துத் திருத்துவாராக.

சென்ற தீபாவளி கழிந்த மறுவாரம் யாம் மூவர் திருமுக்கூடலுக்குச் சென்றேம். பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுமிடத்தில் அமைந்தது அவ்வூர். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டைக் கண்ணாரக் காணவேண்டும் என்பதே எம் விருப்பம். கண்டு மீண்டபின், அவ்வட்டாரத்தவராகிய எம் தோழர் தம் இல்லத்திற்கு எம்மை அழைத்தேகினார். அவர் தந்தையார் பட்டு நெய்பவர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர். உணவு முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது அச்சங்கத்தின் கணக்கராகிய முதியவரும் வந்து சேர்ந்தார். பேச்சு தீபாவளி விற்பனையின்மேற் சென்றது.

சங்கத்தார் புடவை விற்பதற்கு இணையதளம் ஒன்று வைத்துளர். வாங்க வருவோர் ஐயம் கேட்டுத் தெளிதற்பொருட்டு, அதன் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஓர் உரையாடற் பெட்டி இரண்டாண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்டது. நாட்கள் இனிதே கழிந்தன. பண்டிகைக்கு முந்திய ஞாயிறு மாலை, தள்ளுபடி அறிவிப்பைக் கண்டு பலர் ஒருங்கே தளத்திற்கு வந்தனர். ஏழு மணிக்குத் தளம் தடுமாறத் தொடங்கியது. பின் அடியோடு நின்றது. ஒன்பது மணி வரை எழவேயில்லை. கோர்வைப் புடவை ஒன்று தறியினின்று இறங்கப் பல நாட்கள் கழியும். அதனை விற்பதற்கோ பண்டிகைக்கு முந்திய சில மாலைகளே வாய்க்கும். அம்மாலைகளுள் ஒன்று வீணாயிற்று. முதியவர் எம்மை நோக்கி, "தம்பி, அன்று மாலை எங்களோடு பேசியவர் பத்துப் பேர்கூட இல்லை. கடையோ இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. பேசாதவர்கள் எப்படிக் கடையைப் படுக்க வைத்தார்கள்?" என்று கேட்டார். எம்முள் ஒருவரும் விடை பகர்ந்திலேம். கல்லூரிக்கு மீண்ட பின்னர்க் கணினித் துறைத் தோழர்களை அணுகியும் நூல்களைப் புரட்டியும் யாம் அறிந்த விடையே இக்கட்டுரை.

முதற்கண் சர்வர் என்பது யாது எனக் காண்போம். நம் நாட்டிற் சர்வர் என்றவுடன் நினைவிற்கு வருபவர் ஓட்டலில் இலை போட்டு இட்டலி கொணர்பவர். கணினியுலகச் சர்வரும் ஏறக்குறைய அவரே. நம் கைப்பேசி ஒரு பக்கத்தை வேண்டும் என்று கேட்கிறது. எங்கோ ஓரறையிலுள்ள சர்வர் அதனைக் கொணர்ந்து தருகிறது. ஆனால் இவ்விருவர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஓட்டற் சர்வர் தோசை வெந்தவுடன் தாமே கொணர்ந்து வைப்பார். இணையதளங்களின் அடிப்படை விதியாகிய எச்.டி.டி.பி. முறையிலோ, கேட்டாலன்றிச் சர்வர் வாய் திறத்தல் இல்லை. கேட்பவர் கேட்க வேண்டும். சர்வர் விடை கூற வேண்டும். அவ்வளவில் அவ்வுறவு முடிந்தது. செய்தி ஒன்று வந்திருப்பினும், கேளாதார்க்கு அதனைத் தானே சென்று சொல்ல அதற்கு வழியில்லை.

உரையாடல் என்பது இவ்விதிக்கு மாறான இயல்பினது. எதிரில் உள்ளவர் எந்நேரத்தில் விடை தருவார் என்பது எவர்க்கும் தெரியாது. ஆகவே கருவி செய்தோர் ஓர் எளிய உபாயம் கண்டனர். உரையாடற் பெட்டி மூன்று நொடிக்கு ஒருமுறை, "ஏதேனும் செய்தி உண்டா?" என்று சர்வரைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். "இல்லை" என்று சர்வர் கூறும். மீண்டும் மூன்று நொடி; மீண்டும் வினா; மீண்டும் "இல்லை". ஓட்டலில் அமர்ந்த ஒவ்வொருவரும், உணவு கேட்டவரும் கேளாதவரும், சும்மா விசிறிக் காற்றுக்கு உட்கார்ந்தவரும், மூன்று நொடிக்கு ஒருமுறை "சர்வர்! எனக்கு ஏதேனும் வந்ததா?" என்று கூவின் அம்மனிதர் என்னாவர்? இலை போடவும் அவர்க்குக் கை ஒழியாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மாலையில் 400 பேர் புடவைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கொள்க. பெட்டி ஒவ்வொருவர் பக்கத்திலும் உளது. ஒவ்வொன்றும் நிமிடத்திற்கு 20 முறை வினவும். நிமிடத்திற்கு 8,000 வினா. ஒரு மணிக்கு 4,80,000 வினா. பேசியவரோ பதின்மர், அவர் பேசிய சொற்றொடர் எல்லாம் கூட்டினும் சில நூறே. எஞ்சியவை அனைத்தும் வெற்று வினாவும் வெற்று விடையும். இதனினும் கொடிது ஒன்றுண்டு. சிறு தளங்கள் பெரும்பாலும் பலர் பங்கிட்டுக்கொள்ளும் மலிந்த சர்வர்களில் இயங்குவன. அங்கே ஒவ்வொரு வெற்று வினாவிற்கும் ஒரு நிரல் எழுந்து, தரவுப் பேழையைத் திறந்து, வரி வரியாகத் தேடி, "இல்லை" என்று சொல்லிப் படுக்கிறது. ஊடை நூல் இல்லாத நாடாவை இரவெல்லாம் எறிந்தால் நெய்பவர் கை ஓயுமேயன்றிப் புடவை வளருமோ? முதியவரின் வினாவிற்கு விடை இதுவே. கடையைப் படுக்க வைத்தது பேச்சன்று. பேசாதவர் பெயரால் அவரறியாமலே பெட்டி கேட்ட வினாக்கள்.

பெரிய அரசுகளும் இவ்விடரைக் கண்டதுண்டு. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியோர்க்குத் தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் திறக்கப்பட்டது. திறந்த அளவில் தளம் தடுமாறியதை நம்மில் மூத்தோர் பலர் நேரிற் கண்டனர். ஆயினும் அன்றே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிவு செய்தனர். அதன் பின் ஊசி எங்கே கிடைக்கும் என்று நாடு முழுவதும் மக்கள் நொடிதோறும் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கலாயினர். சிலர் அதற்கெனவே நிரல்கள் எழுதினர். சென்னையிலிருந்த நிரலர் ஒருவர் வேறொரு வழி கண்டார். தம் நிரல் ஒன்றே தளத்தை வினவவும், இடம் கிடைத்தவுடன் டெலிகிராம் குழுக்களின் வாயிலாக மாவட்ட மக்களுக்கு அறிவிக்கவும் செய்தார். ஆயிரம்பேர் ஆயிரம் முறை கேட்பதினும், ஒருவர் கேட்டு ஆயிரவர்க்கு உரைத்தல் நன்று என்பது இதனாற் பெறப்படும். கோவின் தளத்தாரும், ஒரே முகவரியிலிருந்து குறித்த நேரத்திற்குள் இத்தனை முறைதான் வினவலாம் என்று வரம்பு கட்டினர்.

இனி, அறிஞர் கண்ட பிற வழிகளைச் சுருங்கக் கூறுவோம். வினாவைப் பெற்ற சர்வர் உடனே "இல்லை" என்னாது, செய்தி வரும் வரை விடையை நிறுத்திக் காத்திருத்தல் ஒரு முறை. 2008-ஆம் ஆண்டு பேஸ்புக் நிறுவனத்தார் உரையாடல் வசதியைத் தொடங்கியபோது இம்முறையையே கையாண்டனர். மற்றொன்று, தொலைபேசி இணைப்பைப்போல ஒரு முறை திறந்த வழியை மூடாது வைத்து இருபாலும் பேசுதல். வெப்சாக்கெட் எனப்படும் இம்முறை 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் பொதுவிதியாக வெளியிடப்பட்டது. அதன்பின், "உண்டா, உண்டா" என்று கேட்கும் வேலை இல்லை. செய்தி வந்தால் வரும், வாராவிடின் மௌனம். 2012-ஆம் ஆண்டு சனவரியில் வாட்சாப் நிறுவனத்தார், ஒரே சர்வரில் 20 இலட்சத்திற்கு மேற்பட்ட இணைப்புகளைத் திறந்து வைத்ததாக அறிவித்தனர். அதற்கு அவர்கள் கொண்ட நிரல்மொழியின் பெயர் எர்லாங். தொலைபேசி நிலையத்திற்கு எத்துணை அழைப்புகள் வரும் என்று 1909-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு எழுதிய டென்மார்க்கு நாட்டுக் கணித அறிஞர் எர்லாங்கின் பெயரே அதற்கும் அமைந்தது. கூட்டம் வருமுன் அதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் கருத்து நூறாண்டு கடந்தது என்க.

ஆயினும் பெரியோர் கண்ட வழியனைத்தும் சிறியோர்க்குப் பொருந்தும் எனக் கருதுதல் தவறு. திறந்து வைத்த ஒவ்வோர் இணைப்பும் சர்வரின் நினைவகத்திற் சிறிது இடம் கொள்ளும். அதற்கென அமைந்த சர்வரில் இலட்சம் இணைப்புகளும் இருக்கலாம். மலிந்த சர்வரிலோ ஒரே வேளையில் இயங்குதற்கு விடப்படும் நிரல்கள் மிகச் சில. அவற்றையும் காத்திருக்க வைப்பின், வெற்று வினாக்களினும் விரைவில் அது நின்றுவிடும். மருந்தே நோயாகும். ஆகலின், சிறு சங்கங்கள் முதலிற் செய்யத்தக்கவை வேறு என்பது எம் துணிபு.

அவை எளியன. முதலாவது, அழைத்தாலன்றிப் பெட்டி வாரற்க. பக்கத்தின் மூலையில் ஒரு பொத்தான் மட்டும் இருக்கட்டும். அதனை அழுத்தியவர்க்கே பெட்டி திறக்கட்டும். திறந்த பெட்டியே வினவட்டும். மேற்கூறிய 400 பேருள் 20 பேரே அதனைத் திறப்பர் எனக் கொள்ளின், மணிக்கு 4,80,000 வினா என்பது 24,000 ஆகும். இருபதில் ஒரு பங்கு. இரண்டாவது, பேச்சு நிகழும்போது மூன்று நொடிக்கு ஒருமுறை வினவுக. பேச்சு ஓய்ந்தபின் 6 நொடி, 12 நொடி, 24 நொடி என இடைவெளி பெருகுக. கைப்பேசியில் வேறு பக்கத்திற்குச் சென்றவர் பெட்டி வினவுதலை நிறுத்துக. மூன்றாவது, ஒவ்வொரு வினாவிற்கும் தரவுப் பேழையைத் திறவாது, புதுச் செய்தி வருங்கால் மட்டும் மாறும் சிறு கோப்பு ஒன்றை வைத்து, "மாறியதா?" என்று பார்ப்பதோடு அமைக. நான்காவது, தளம் ஒரு முறை நின்று எழுங்கால், எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் மீண்டும் வந்து மோதாதபடி ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் காத்திருக்குமாறு அமைக்க. கோடையில் திருமுக்கூடல் மணற்பரப்பை நடந்தே கடக்கலாம். 2021-ஆம் ஆண்டு நவம்பரிற் பாலாறு கரைபுரண்டு ஓடியதைக் கண்டவர், மழை ஒருங்கே வந்தால் அம்மணல் என்னாகும் என்பதை அறிவர். நீரின் அளவு ஒரு பங்கு. அது வந்து சேரும் வேளை மற்றொரு பங்கு.

ஐந்தாவது கூறுவது கணினிக்கு உரியதன்று, மனிதர்க்கு உரியது. பெட்டியிற் கேட்கப்படும் வினாக்கள் யாவை என்று முதியவரைக் கேட்டேம். "ஜரிகை அசலா? பட்டு முத்திரை உண்டா? கோர்வை என்றால் என்ன? எத்தனை நாளில் வரும்? பிடிக்காவிட்டால் திருப்பலாமா? நாள்தோறும் இவைதாம் தம்பி" என்றார். இவ்வைந்திற்கும் விடை பெட்டிக்குள் ஒளிந்திருப்பானேன்? ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்பதைப் புடவையின் படத்தருகே எழுதுக. உடலும் கரையும் தனித்தனி நிறத்தவாய், ஒன்றோடொன்று பிணைத்து நெய்யப்படுவதே கோர்வை என்பதை ஒரு வரியில் விளக்குக. புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெருமையை வாங்குவார் தேடி வினவி அறிய வைத்தல் வணிகமும் அன்று, விருந்தோம்பலும் அன்று. எழுதி வைத்த விடை சர்வர்க்குச் சுமையாவதில்லை. கணக்கரின் கண்ணுறக்கத்தையும் கெடுப்பதில்லை.

எம் கருத்தை மறுப்பார் இரு திறத்தர். ஒரு சாரார், "பெரிய சர்வரை வாங்கினால் தீர்ந்தது, இத்துணை ஆராய்ச்சி எதற்கு?" என்பர். வாங்கலாம், ஆனால் அதன் வாடகை எங்கிருந்து வரும்? நெய்வோர் கூலியிலிருந்தும் வாங்குவோர் விலையிலிருந்துமே வரும். "இல்லை" என்னும் விடையை மணிக்கு நாலரை இலட்சம் முறைக்கு மேற் சொல்லுதற்காக ஒரு தறியின் ஊதியத்தைக் குறைத்தல் எவ்வாற்றானும் அறமாகாது.

மற்றொரு சாரார், "உரையாடற் கருவியை அதற்கென உள்ள நிறுவனத்திடம் வாடகைக்குப் பெறலாமே" என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. அத்தகைய கருவிகளுட் சிறந்தவை நம் தமிழகத்திலேயே பிறந்தவை. 1996-ஆம் ஆண்டில் வேறு பெயரால் தொடங்கிய சோகோ நிறுவனமும், 2010-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய பிரெஷ்ஒர்க்ஸ் நிறுவனமும் இத்தொழிலில் உலகறிந்தவை. வினாக்களைத் தாங்குதற்கென்றே அமைந்த சர்வர்கள் அவர்களிடம் உள. சங்கத்தின் சர்வர் புடவையை மட்டும் காட்டிக்கொண்டிருக்கலாம். இயன்றவர் அவ்வாறே செய்க. ஆயினும் அதனாலும் முதலாவது கூறிய விதி பொய்ப்படாது. வாடகைப் பெட்டியாயினும், ஒவ்வொரு பக்கத்திலும் அழையாது வந்து அமருமாயின், சர்வரின் சுமை குறையும். வாங்குவார் கைப்பேசியின் சுமை மிகும். சிற்றூரில், மெலிந்த இணைப்பில், குறைந்த விலைக் கைப்பேசியிற் புடவை பார்க்கும் தாய் ஒருத்திக்குப் படம் திறக்குமுன் பெட்டி திறப்பது உதவியன்று, இடையூறே. மேலும், சுமையைப் பிறர் தோளுக்கு மாற்றுதல் வேறு; வீண்சுமையை இறக்கி வைத்தல் வேறு.

இவ்விடத்து யாம் காணச் சென்ற கல்வெட்டு நினைவிற்கு வருகிறது. 11-ஆம் நூற்றாண்டில் திருமுக்கூடற் கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும் மாணாக்கர் விடுதியும் ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனையும் இயங்கின. மருத்துவமனையிற் படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், அவரவர்க்குரிய ஊதியம் நெல்லாகவும் காசாகவும் வரையறுக்கப்பட்டது. ஓராண்டிற்கு வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டன. இதனைப் படித்தபோது பழம்பெருமையாகவே எமக்குத் தோன்றிற்று. முதியவரோடு பேசிய பின்னரே அதன் உட்பொருள் விளங்கியது. அதனை அமைத்தோர் தம் சாலை எத்துணைப் பேரைத் தாங்கும் என்பதை முன்னரே எண்ணினர். மூலிகை தேடும் வேலையையும் நோயாளரைப் பேணும் வேலையையும் மருத்துவர் தலையில் ஏற்றவில்லை. பெரிதும் வேண்டப்படும் மருந்தை நோயாளி வந்தபின் தேடாது, ஆண்டின் தொடக்கத்திலேயே சேமித்து வைத்தனர். அளவறிதல், வேலையைப் பகிர்தல், வேண்டுவதை முன்னரே ஆயத்தம் செய்தல் ஆகிய இம்மூன்றுமே இன்று சர்வரின் சுமையைக் குறைப்போர் கூறும் மூன்றும் ஆதல் காண்க. கருவி புதிது, அறிவு புதிதன்று.

உரையாடற் பெட்டியே வேண்டா என்று யாம் கூறுகின்றேமல்லேம். மகளின் திருமணத்திற்குப் புடவை தேடும் ஒருவர், அதனை நெய்தவர் சங்கத்தாரோடு நேரே ஒரு சொல் பேசக் கிடைப்பது சிறந்த பேறு. இடைத்தரகரின்றி நெசவாளர் பிழைப்பதற்கு அஃது ஒரு வாயில். அவ்வாயில் திருவிழா மாலையிலும் அடைபடாதிருக்க வேண்டும் என்பதற்காகவே வீண்வினாவை ஒழிக்க வேண்டும் என்கின்றேம். இரவில் விடை தருவார் இலரேல், "காலை பத்து மணிக்கு விடை தருவோம்" என்று பெட்டி மெய்யே சொல்லட்டும். ஆளில்லாத வாயிலில் விளக்கேற்றி வைத்து, விடியும் வரை சர்வரை "உண்டா, உண்டா" என்று கேட்க வைத்தல் வேண்டா.

கணினி பயிலும் தோழர்காள்! நும் கல்வி நிறைவேறுமுன் ஒரு விடுமுறையேனும் நும் ஊர்ச் சங்கத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள். அதன் மூலையிலுள்ள பெட்டி எத்தனை நொடிக்கு ஒருமுறை வினவுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இக்கட்டுரை அச்சேறுமுன், எம் தோழரும் அவர்தம் கணினித்துறை நண்பர் ஒருவரும் கூடி முதல் இரண்டு திருத்தங்களைச் சங்கத்தின் தளத்தில் செய்து முடித்தனர். அதற்கு ஒரு பிற்பகலே ஆயிற்று. பொங்கல் விற்பனை தடையின்றி நடந்ததாக முதியவர் சொல்லியனுப்பினார். அவர் கேட்ட வினாவிற்கு எம்மால் ஆன விடை அதுவே.